கண்காணாக் குடிகள்

தேனி மாவட்டத்தின் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் மதில்கள் போல எழுந்து நிற்க, இடையே முல்லைப் பெரியாறு ஓடுகின்றது. பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டில் நிறைவெய்தி, மலையைக் குடைந்து கொணர்ந்த நீர் இப்பக்கம் பாயத் தொடங்கியபின், பள்ளத்தாக்கு செழிப்புற்றது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் நெல்வயலாக உள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகிய ஊர்களின் வழியே செல்வோர் ஒருபால் பசுமையான வயலையும், மற்றொருபால் வாழைத் தோட்டங்களையும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்களையும் கண்டு மகிழ்வர்.

நடவுக் காலத்தில், கதிரவன் மலைக்கு மேல் முகங்காட்டுமுன்னரே பெண்கள் வயலை நோக்கிப் புறப்படுவர். அவர்தம் கையிலுள்ள தூக்குச்சட்டியில் முன்னாள் இரவு நீரூற்றி வைத்த சோறு இருக்கும். அதனோடு சிறிது மோரும் உப்பும் சேர்ந்திருக்கும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் நாலைந்து முந்தானையில் முடிந்திருக்கும். இச்சோற்றைப் பழையது என்றும், அதன் நீரை நீராகாரம் என்றும் கூறுவர். பேச்சு வழக்கில் அதுவே நீச்சத்தண்ணி. வரப்பில் அமர்ந்து ஒரு சட்டி பழையதை உண்டவர், உச்சிப்பொழுதுவரை சேற்றில் நின்று நாற்று நடுவர்.

இன்று இவ்வழக்கம் குறைந்து வருகின்றது. காலையில் தேநீரும் ரொட்டியும் கொள்வோர் பெருகிவிட்டனர். அதே வேளையில், மருந்துக் கடைகளில் வேறொரு பொருள் இடம்பெற்றுள்ளது. அது சிறு சிமிழ்களில் அடைக்கப்பட்ட உயிருள்ள நுண்ணுயிர்த் தூள். அதனைப் புரோபயாட்டிக் என்பர். பெட்டியின்மேல் 'நான்கு வகை', 'எட்டு வகை', 'பதினான்கு வகை' என்று எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கும். எண் கூடக்கூட விலையும் கூடும். குடல்நலத்தை நாடுவோர் பலர், எண் மிகுந்ததே சிறந்தது எனக் கருதி அதனை வாங்குகின்றனர். அக்கருத்து எவ்வளவு உண்மையானது என்பதை அறிய, முதலில் பழையதுப் பானைக்குள் நிகழ்வதைக் காணவேண்டும்.

வடித்த சோற்றில் நீரூற்றி இரவு முழுதும் மூடி வைத்தால், காலையில் இளம்புளிப்பு தோன்றுகின்றது. அப்புளிப்பை உண்டாக்குவன கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியங்கள். அவை நீரிலும் பானையின் சுவரிலும் சமைப்போரின் கையிலும் வாழ்பவை. சோற்றிலுள்ள சர்க்கரைச் சத்தை உண்டு லாக்டிக் அமிலத்தை உமிழ்வதே அவற்றின் தொழில். அமிலம் பெருகப் பெருக, நோய்தரும் கிருமிகள் பல அந்நீரில் வளரமாட்டாமல் ஒடுங்குகின்றன. இங்ஙனம் ஒரு பானையில் ஒரே வகை நுண்ணுயிர் மட்டும் வாழ்வதில்லை. பல இனங்கள் கலந்து வாழ்கின்றன. ஒரு வீட்டுப் பானையிலுள்ள கலவை அடுத்த வீட்டுப் பானையில் அவ்வாறே இராது.

இத்தகைய உயிர்கள் பானையில் மட்டுமோ வாழ்கின்றன? மனிதனுடைய உடலும் அவற்றின் உறைவிடமே. வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியங்கள் குடியிருக்கின்றன என்று 2016ஆம் ஆண்டில் அறிஞர்கள் கணக்கிட்டனர். அவனுடைய சொந்த உயிரணுக்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடிதாம். எண்ணிக்கையால் குடியிருப்போர் வீட்டுக்காரனை விஞ்சிவிட்டனர்! ஆயினும் அவை அனைத்தையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவே தேறும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன.

இக்குடிகள் வாடகை கொடாமல் வாழ்பவை அல்ல. நம் வயிற்றில் செரியாத நார்ப்பொருள் பெருங்குடலை அடைந்ததும், அவை அதனைப் புளிக்கவைத்துச் சில கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுக்கு அவ்வமிலங்களுள் ஒன்றே முதன்மையான உணவு. வைட்டமின் கே முதலிய சத்துகளையும் அவை ஆக்கித் தருகின்றன. தாம் இடம்பிடித்திருப்பதனாலேயே தீய கிருமிகளுக்கு இடமின்றிச் செய்கின்றன. நோயெதிர்க்கும் ஆற்றலுக்கு நண்பர் இவர், பகைவர் இவர் என்று பழக்கிக் கொடுப்பனவும் அவையே.

குடலிலுள்ள பாக்டீரியங்கள் நன்மையும் செய்யக்கூடும் என்னும் எண்ணம் வலுப்பெற்று ஒரு நூற்றாண்டிற்குச் சற்று மேலாகின்றது. பாரிசு மாநகரின் பாசுடர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிசியே என்பவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் ஒரு தனிவகைப் பாக்டீரியத்தை 1899இல் கண்டறிந்தார். அதே கூடத்தைச் சேர்ந்த மெச்னிகாவ், பல்கேரிய நாட்டு உழவர் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் அருந்தும் புளித்த பாலே காரணமாகலாம் என்று 1907இல் எழுதினார். அடுத்த ஆண்டு, நோயெதிர்ப்பு ஆய்வுக்காக, அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அவர் தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தி, 71ஆம் வயதில் மறைந்தார். அவர் போற்றிய தயிர்ப் பாக்டீரியம் மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்பது பின்னரே தெரியவந்தது. ஆயினும் அவர் தொடுத்த வினா மறையவில்லை. சப்பானில் மினோரு சிரோட்டா 1930இல் ஒரு பாக்டீரியத்தைத் தேர்ந்து வளர்த்தார். அதனைக் கொண்ட பால்பானம் 1935 முதல் விற்பனைக்கு வந்தது.

தகுந்த அளவில் உட்கொள்ளும்போது உட்கொள்பவருக்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிரே புரோபயாட்டிக் எனப்படும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் 2001இல் கூட்டிய அறிஞர் குழு வரையறுத்தது. இவ்வரையறையில் மூன்று செய்திகள் உள. நுண்ணுயிர் உயிரோடு இருத்தல் வேண்டும்; அளவு போதியதாக இருத்தல் வேண்டும்; நலம் பயப்பது மெய்ப்பிக்கப்படல் வேண்டும். எத்தனை வகை என்னும் பேச்சு அதில் இல்லை என்பது நோக்கத்தக்கது.

வகை என்பது யாது? கம்பம் பள்ளத்தாக்கின் உழவனுக்கு இதனை விளக்குதல் எளிது. நெல் என்பது ஓர் இனம். அதனுள் கோ 51 என்றும் ஏ.டி.டி. 45 என்றும் பல ரகங்கள் உண்டு. ஒரு ரகம் நோயைத் தாங்கும்; மற்றொன்று தாங்காது. ஒன்று சன்னமான அரிசி தரும். மற்றொன்று மோட்டா அரிசி தரும். 'நெல் விதைத்தேன்' என்று மட்டும் ஒருவன் கூறினால், 'என்ன ரகம்?' என்று அடுத்த வயற்காரன் உடனே கேட்பான். நுண்ணுயிர்களிலும் அவ்வாறே ஓரினத்துள் பல ரகங்கள் உள்ளன. ஈ. கோலை என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின்போது, உடனிருந்த வீரர் பலர் வயிற்றுநோயால் வாட, ஒரு வீரன் மட்டும் நோயின்றி இருந்தான். அவன் குடலிலிருந்து செருமானிய மருத்துவர் நிசிலே 1917இல் பிரித்தெடுத்த ஈ. கோலை ரகம் இன்றும் மருந்தாகப் பயன்படுகின்றது. ஓ157 எனப்படும் ஈ. கோலையோ குருதிக் கழிச்சலை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே பறிக்க வல்லது. இரண்டிற்கும் இனப்பெயர் ஒன்றே. செயலோ நஞ்சும் அமுதமும் போன்றது. ஆதலின் மருந்துப் பெட்டியில் இனத்தின் பெயரோடு ரகத்தின் குறியும் இருத்தல் இன்றியமையாதது.

பல ரகங்களை ஒன்றாகக் கலப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. தயிர் அதற்குத் தக்க சான்று. கடைத் தயிரை ஆக்குவதற்கு இரண்டு பாக்டீரியங்களைச் சேர்த்து இடுவது வழக்கம். அவற்றுள் ஒன்று பாலின் புரதத்தைச் சிதைத்து மற்றதற்கு உணவாக்குகின்றது. மற்றது பார்மிக் அமிலத்தையும் கரிவளியையும் தந்து முன்னதை வளர்க்கின்றது. தனித்தனியே இட்டால் பால் உறைய நெடுநேரம் ஆகும். இரண்டும் கூடினால் விரைவில் உறையும். இட்டிலி மாவிலும் இக்கூட்டுறவு காணப்படுகின்றது. உளுந்தோடும் அரிசியோடும் வந்து சேரும் பாக்டீரியங்களுள் லியூக்கோனாஸ்டாக் என்பது வளியை உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்கின்றது. வேறு சில புளிப்பை மிகுவிக்கின்றன. ஒன்று தொடங்கிய பணியை மற்றொன்று முடிக்கின்றது. ஆனால் இட்டிலி கொப்பரையில் ஏறி ஆவியில் வெந்ததும் அவ்வுயிர்கள் மடிந்துபோகின்றன. ஆகவே இட்டிலி எளிதில் செரிக்கும் நல்லுணவே. எனினும், சிலர் கூறுவதுபோல் அது புரோபயாட்டிக் ஆகாது. பழையது வேகவைக்கப்படாமல் உண்ணப்படுவதனால் அதன் உயிர்கள் உயிரோடே வயிற்றை அடைகின்றன. அங்குள்ள அமிலத்தையும் அடுத்துவரும் பித்தநீரையும் தாங்கி எத்தனை பிழைக்கும் என்பது அவற்றின் ரகத்தைப் பொறுத்தது.

கலவை மருந்து பயன் தந்ததற்கு நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு சான்றாகும். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, குருதியும் சளியும் கழியும் நோய் ஒன்று உண்டு. அந்நோய் மிகக் கடுமையாகாத நிலையிலிருந்த 147 பேரை இந்திய மருத்துவர்கள் தேர்ந்தனர். எட்டு ரகங்கள் சேர்ந்த கலவையை 77 பேருக்கும், நுண்ணுயிர் இல்லாத போலித் தூளை 70 பேருக்கும் 12 வாரம் கொடுத்தனர். இன்னது பெற்றோம் என்பது நோயாளருக்குத் தெரியாது. முடிவில் கலவை பெற்றோருள் 33 பேருக்கும், போலித்தூள் பெற்றோருள் 11 பேருக்கும் நோய் தணிந்திருந்தது. 2009இல் வெளிவந்த இவ்வாய்வில் கொடுக்கப்பட்ட அளவு சிறிதன்று. ஒரு வேளைக்கு 3.6 இலட்சம் கோடி நுண்ணுயிர், நாளொன்றுக்கு இருவேளை. கடையில் விற்கும் சிமிழ்கள் பலவற்றில் சில நூறு கோடியே இருக்கும். எட்டு என்னும் எண்ணை மட்டும் ஒத்திருந்து, ரகமும் அளவும் வேறான ஒரு சிமிழ் இந்த ஆய்வின் புகழைத் தனக்குரியதாகக் கொள்ளுதல் தகாது.

இனி, மறுபக்கத்தையும் காணவேண்டும். நெதர்லாந்து நாட்டில் கடுமையான கணைய அழற்சியால் துன்புற்றோருக்கு ஆறு ரகங்கள் கொண்ட கலவையைக் குடற்குழாய் வழியே கொடுத்தனர். நோய்த்தொற்றைத் தடுக்கும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். நிகழ்ந்ததோ வேறு. கலவை பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தனர். பெறாத 144 பேரில் இறந்தவர் 9 பேர். 2008இல் இம்முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. நலமுடையோருக்குத் தீங்கு செய்யாத நுண்ணுயிரும், நலிந்தோரிடத்தில் தீங்கு செய்யக்கூடும் என்பதை அந்த 24 உயிர்கள் உணர்த்தின. நெடுநோயாளரும், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் இவற்றை உட்கொள்ளலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கு இவை மருந்தாகுமா என்பதையும் ஆராய்ந்தனர். கனடா நாட்டில் 886 குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களுள் ஒரு பாதியினருக்கு இரண்டு ரகக் கலவையைக் கொடுத்தனர். போலி மருந்து பெற்ற குழந்தைகளினும் அவர்கள் விரைவில் நலம்பெறவில்லை. இஃது 2018ஆம் ஆண்டுச் செய்தி. அதே ஆண்டில் இசுரேல் நாட்டு அறிஞர்கள் மற்றொரு வியப்பைக் கண்டனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குடற்குடிகள் அழிந்த நிலையில், பதினொரு ரகக் கலவையைக் கொடுத்தபோது, வந்த விருந்தினர் வீட்டைப் பிடித்துக்கொள்ள, பழைய குடிகள் திரும்பிவரக் காலம் நீண்டது. மருந்தில்லாமல் விடப்பட்டோரிடத்தில் அக்குடிகள் இன்னும் விரைவில் திரும்பின.

இவற்றிற்கு நேர்மாறானது ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் நிகழ்ந்தது. பிறந்து சில நாளே ஆன 4,556 குழந்தைகள் அவ்வாய்விற் சேர்க்கப்பெற்றனர். ஒரு பாதியினருக்கு லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்னும் இனத்தின் ஒரே ஒரு ரகம், அதற்கு இரையாகும் பிரக்டோ ஆலிகோ சர்க்கரையோடு, ஏழு நாள் கொடுக்கப்பட்டது. போலி மருந்து பெற்ற குழந்தைகளில் 100க்கு 9 பேர் குருதி நச்சுத்தொற்றுக்கோ சாவுக்கோ ஆளாயினர். மருந்து பெற்றவர்களில் அது 5.4 ஆகக் குறைந்தது. 2017இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது. எண்ணால் பார்த்தால் இதில் உள்ளது ஒன்றே. ஆனால் அந்த ஒன்று, பல ரகங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஒன்று.

ஆதலின் மலையோரக் குடிசையில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், தாய் நாடவேண்டிய முதற்பொருள் நுண்ணுயிர்ச் சிமிழ் அன்று. உப்பும் குளுக்கோசும் கலந்த உயிர்காக்கும் கரைசலே அது. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லைப்புற அகதி முகாமில் திலீப் மகாலனாபிசு என்னும் மருத்துவர் இக்கரைசலைக் கொடுத்து, வாந்திபேதியால் நிகழ்ந்த சாவை 100க்கு 30 என்னும் நிலையிலிருந்து 4க்கும் கீழாகக் குறைத்தார். இன்று அதன் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. கண் குழிந்து, குடிக்கவும் மாட்டாமல் சோர்ந்த குழந்தையை, க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும். சிமிழ் வாங்கப் பணம் தேடி ஒருநாள் கழிந்தால், அந்த ஒருநாளே குழந்தையின் உயிருக்கு விலையாகிவிடக்கூடும்.

பழையது மருந்து அன்று, உணவு. உணவென்னும் முறையில் அது செய்யும் உதவி சிறிதன்று. சோறு ஆறிக் குளிரும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி எளிதில் செரியாததாக மாறிவிடுகின்றது. அப்பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலைச் சேர்ந்து, அங்குள்ள குடிகளுக்கு இரையாகின்றது. உடன் கடிக்கும் சின்ன வெங்காயத்திலோ, ஒடிசாக் குழந்தைகளுக்குக் கொடுத்த பிரக்டோ ஆலிகோ சர்க்கரையின் வகையே இயல்பாக அமைந்துள்ளது. உயிரும் உயிருக்கு இரையும் ஒரே தூக்குச்சட்டியில் அமைந்தமை, நுண்ணோக்கியைக் கண்டிராத முன்னோரின் நாவறிவால் நேர்ந்த பொருத்தம். கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் புளிக்கவைத்தே உண்ணப்பட்டன. அவற்றில் நார்ப்பொருளும் அரிசியினும் மிகுதி.

இப்பழைய உணவை இன்றைய மருத்துவமும் நாடி வந்துள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடல் மருத்துவர்கள், குடலழற்சி உடையோருக்குப் பழையது பயன்படுமா என்று ஆராய முற்பட்டனர்; 2021ஆம் ஆண்டில் அரசும் அம்முயற்சிக்குத் துணைநின்றது. பானைக்குப் பானை கலவை மாறுவதே அத்தகைய ஆய்விலுள்ள பெரிய இடர். எந்த அரிசி, எவ்வளவு நீர், எத்தனை மணி நேரம், எந்தப் பாத்திரம் என்று ஒவ்வொன்றையும் வரையறுத்தாலன்றி, இன்று கண்ட பயனை நாளையும் காணமுடியாது.

வீட்டில் பழையது வைப்போரும் சில செய்திகளைக் கருதுதல் நன்று. வெந்த சோற்றிலும் மடியாமல் தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் உண்டு. வெதுவெதுப்பான சோற்றை நெடுநேரம் சும்மா விட்டுவைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஆகையால் வடித்த சோற்றைத் தாமதமின்றி ஆறவைத்து, காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி, கழுவி உலர்த்திய பானையில் மூடிவைக்க வேண்டும். மண்பானையின் மேற்புறத்தில் நீர் கசிந்து ஆவியாவதனால் உள்ளே குளிர்ச்சி நிலவும். மார்கழி, தை மாதங்களில் மலைக்காற்று இறங்கும் பள்ளத்தாக்கில் புளிப்பேறப் பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரமே போதும். மணம் மாறினாலும், நூல்போல் இழை வந்தாலும், நிறம் திரிந்தாலும், அதனைக் கொட்டிவிட்டுப் பானையை வெந்நீரால் கழுவி வெயிலில் காயவைப்பதே பள்ளத்தாக்கின் பெண்கள் கையாளும் முறை.